மைக்கில் வந்த என் பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை 5.50. தேனியிலிருந்து திண்டுக்கல்லுக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். எல்லோரும் ஜன்னல் சீட்டுக்கு முந்துவார்கள். நான் முன் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்தேன். அவசரம் என்றால் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி இறங்கிவிடலாம்.

பயணம் போய் வந்தவர்கள் மலையையும் அருவியையும் எழுதுவார்கள். நான் பதினோரு மாதமாக ஊர்களைக் கழிப்பறைகளை வைத்துத்தான் அளக்கிறேன். எந்தப் பெட்ரோல் பங்கில் சாவி கேட்க வேண்டும், எந்த ஹோட்டலில் டீ குடித்தால்தான் உள்ளே விடுவார்கள், எந்தக் கதவில் கொக்கி இல்லை என்பதெல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். தேனிக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே நம்பி இறங்க இரண்டே இடம். அரசாங்கம் நட்ட மைல் கல்லெல்லாம் எனக்கு அதற்கப்புறம்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். போன பிப்ரவரியில் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். இடுப்புக்கு இடது பக்கம் வயிற்றில் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டினார்கள். மலம் அதில்தான் வரும். இப்போது கீமோ நடக்கிறது. அந்த மருந்து ஏறிய உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது. தை மாதத்துக் காலையில் பஸ் கம்பியைத் தொட்டால் விரலில் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கும். அதனால் கம்பளிக் கையுறை போட்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கையுறையைப் பார்த்து என்ன என்றாள். அலர்ஜி என்றேன். எங்கே பயணம் என்றாள். கல்யாண வீட்டுக்கு என்றேன். யார் வீட்டுக் கல்யாணம், எத்தனை பவுன் என்று வத்தலக்குண்டு வரை விசாரணை நடந்தது. நான் சளைக்காமல் பொண்ணுக்கு ஒரு பெயர் வைத்து இருபத்தைந்து பவுனும் போட்டேன். பொய் சொல்வதில் இந்த ஒரு வருஷத்தில் நல்ல தேர்ச்சி.

வீட்டிலும் இதே கதைதான். திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் இருக்கும் என் தங்கை சுதாவுக்கு, அக்காவுக்குக் குடலில் அடைப்பு, ஆபரேஷன், அவ்வளவுதான் தெரியும். அவளுக்குப் பெரியகுளத்தில் ஓர் இடம் பேசி முடிகிற நிலையில் இருக்கிறது. அக்காவுக்கு இந்த வயதில் கேன்சர் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று அம்மா பயந்தாள். அவள் கழுத்தில் தாலி ஏறட்டும், அதுவரை மூச்சுவிடாதே என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். ஆனால் டாக்டர் முதல் வாரத்திலேயே சொன்ன ஒன்று இருக்கிறது. இவ்வளவு சின்ன வயதில் வந்திருப்பதால் கூடப் பிறந்தவர்களுக்கும் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

8.05. திண்டுக்கல். பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை பத்து ரூபாய். தண்ணீர் வந்தது, கொக்கி இருந்தது. நோட்டில் நல்ல பெயர் எழுதினேன். பிரியாணிக் கடைகளில் அண்டா ஏற்றிவிட்டார்கள். முந்தின நாள் மதியத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் பை நிறையும், பஸ்ஸில் பை நிறைந்தால் என் கதி அதோகதி. நெய் வாசனையை மட்டும் இலவசமாக இழுத்துக்கொண்டு எரியோடு வழி குஜிலியம்பாறை போகும் பஸ்ஸில் ஏறினேன். முப்பத்திரண்டு ரூபாய்.

பார்க்கப் போவது பிரின்ஸியை. முப்பத்தோரு வயது, பள்ளிக்கூட டீச்சர். என்னுடைய நோய்தான், என்னுடையதைப் போலவே பை. எனக்காவது கீமோ முடிந்ததும் குடலைச் சேர்த்துத் தைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பை ஆயுளுக்கும். பை வைத்தவர்களுக்காக ஒரு நர்ஸ் நடத்தும் வாட்ஸப் குழுவில் பிடித்தேன். அறுபது பேர் இருக்கும் அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் தாத்தாக்கள். காலையானால் ரோஜாப்பூ படம் போடுவார்கள். பை வைத்துக்கொண்டு சுடிதார் எப்படிப் போடுவது என்று அவர்களிடம் கேட்க முடியுமா? ஒருநாள் கேட்டேவிட்டேன். குழு முழுக்க மௌனம். பிரின்ஸி மட்டும் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார். அன்றிலிருந்து ஆறு மாதமாகத் தினமும் குரல்தான். என் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொண்டேன், சரி என்றார். என் வயதில் இன்னொருத்தி இதோடு எப்படி நடமாடுகிறாள் என்று ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நூற்பாலைகள் முடிந்ததும் சமவெளி தட்டையாக விரிந்தது. சிறுமலை முதுகுப்பக்கம் போய்விட்டது. கடலை பிடுங்கிய செம்மண் காடு, சோளத்தட்டைப் போர், முருங்கைத் தோட்டம், வெள்ளாடுகள். எல்லாம் வானம் பார்த்த பூமி. ஒதுங்க ஒரு புதர்கூட ஒழுங்காக இல்லாத ஊர் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

10.10. குஜிலியம்பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன நிறுத்தம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. மறைக்கிற கலையை அந்த ஊர்க்காரர்கள் அறியமாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் மறைக்கிறேன். இறங்கியதும் டீக்கடை. பிரின்ஸி டீச்சர் வீடு எது என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் கையுறையைப் பார்த்தாள்.

"நீங்க தேனி கவிதாதான?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

"குடல்ல கேன்சர்னு இன்னிக்குக் காலைப் பூசையிலகூட ஒங்களுக்கு வேண்டுனோம். இப்பத் தேவலையா? ஐஸ் பெட்டியில கை வைக்காதீங்க, வெந்நி தாரேன்."

ஜுரம் விட்டதா என்பதைப் போலத்தான் கேட்டாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பி, ஓ, இந்தப் பிள்ளைதானா என்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பர் படிக்கப் போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா தன் அண்ணன் முறைக்காரர்களிடம்கூடச் சொல்லாத வார்த்தையை முன்பின் தெரியாத ஒரு ஊரே வைத்துக்கொண்டிருக்கிறது. திண்டுக்கல் திரும்ப 10.40க்கு பஸ் இருப்பதாகப் பலகை சொன்னது. ஏறிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவதற்கும் முதலில் பையைக் காலி செய்தாக வேண்டும். பட்டினி கிடந்தாலும் குடல் சும்மா இருப்பதில்லை. வேறு வழியில்லாமல் வெந்நீரைக் குடித்துவிட்டு அவள் காட்டிய வீட்டுக்கு நடந்தேன்.

10.25. பிரின்ஸி வாசலில் நின்றார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். சேலை கட்டியிருந்தார், பை இருப்பதே தெரியவில்லை. என் கை இடுப்பில் இருப்பதைப் பார்த்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை. "மொதல்ல பின்னாடி போ. எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

குளியலறையில் ஒரு வாளி வெந்நீர், பழைய துணி, காகிதம், கட்டிப் போட பிளாஸ்டிக் பை. சுவரில் ஒரு கண்ணாடி. அது முகத்துக்கு நேராக இல்லை, வயிற்றுக்கு நேராக ஆணியில் தொங்கியது. என் வீட்டில் நான் குனிந்து, கழுத்து வலிக்க, பவுடர் டப்பாக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்துப் பையை ஒட்டுகிறேன். அது எவ்வளவு சிரமம் என்று யாருக்கும் தெரியாது, ஏன், எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலையை முடித்த பிறகும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். துக்கமா சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அழுது முடித்ததும் கோபம் நினைவுக்கு வந்தது. சொல்ல மாட்டேன் என்றீர்களே என்று பிரின்ஸியைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன் என்றார். அவருடைய அம்மா செல்வராணி சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு வந்தார். அவர்களுடைய மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தொடங்குவதற்கு முன்னால், அன்றைக்கு யார் யாருக்காக வேண்டுகிறார்கள் என்று மைக்கில் படிப்பார்கள். வேண்டுதல் வைப்பவர்கள் முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். செல்வராணி அம்மா ஆறு மாதமாக மாதம் ஒரு சீட்டு எனக்காக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நோய் மூன்றையும். ஒலிபெருக்கி வெளியே கட்டியிருப்பதால் கோயிலுக்கு வராத டீக்கடைக்கும் அது கேட்கும்.

பெயரை மட்டும் எழுதியிருக்கலாமே என்றேன்.

"வெறும் கவிதான்னா எத்தன கவிதா இருக்கு தாயி? ஊரும் சீக்கும் சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் செல்வராணி அம்மா. கடவுளைத் தபால்காரர் போல நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். நான் சாமி கும்பிடுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் யாரோ எனக்கு முகவரி எழுதிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

12.45. சாப்பாடு. குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, தயிர். ஊரெல்லாம் முருங்கை காய்க்கிறது. ஆனால் வெஞ்சனத்தில் முருங்கைக்காய் இல்லை. நார் துளையை அடைக்கும் என்று செல்வராணி அம்மாவுக்கு அத்துப்படி. ஒரு நாள் கழித்து வயிறார உண்டேன். பையைப் பற்றி யோசிக்காமல் நான் சாப்பிட்ட முதல் வெளியூர்ச் சாப்பாடு அதுதான்.

பிறகு உள் அறையில் பிரின்ஸி தன் பையைக் காட்டினார், நான் என்னுடையதைக் காட்டினேன். ஒட்டுவதற்கு முன்னால் பையின் ஒட்டுத் தட்டை அக்குளில் இரண்டு நிமிஷம் இடுக்கிச் சூடாக்கினால் கசியாது என்று சொல்லித் தந்தார். செத்த நேரம் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர் தம்பி அந்தோணியைப் பற்றிச் சொன்னார்.

பிரின்ஸியின் டாக்டரும் தம்பிக்குப் பார்க்கச் சொல்லியிருந்தார். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். முடியட்டும் என்று பிரின்ஸி வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராணி அம்மா பொறுக்க முடியாமல் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அந்தோணி, தன் அக்காவுக்கு என்ன நோய் என்று மைக்கில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். அந்த இடம் தட்டிப்போனது. ஆனால் அதே மாதம் அவனுக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் இரண்டு சின்னக் கட்டிகள். புற்றாக மாறியிருக்கவில்லை, அப்போதே எடுத்துவிட்டார்கள். போன வருஷம் வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது.

"எங்கம்மா செஞ்சது தப்புதான், கவிதா. ஆனா நான் செஞ்சது அத விடப் பெரிய தப்பு. அந்த எட்டு மாசமும் அது அவன் கொடல்லயே இருந்திருக்கு." பிறகு கேட்டார். "நீ சுதாகிட்ட மறைச்சு இப்ப எத்தன மாசம் ஆச்சு?"

நான் விரல் விட்டு எண்ணுவதுபோல் பாவனை செய்தேன். எண்ண வேண்டிய தேவையே இல்லை.

"பதினொண்ணு" என்றேன்.

 பிரின்ஸி புத்தி சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

3.50. நிறுத்தம் வரைக்கும் இருவரும் வந்தார்கள். செல்வராணி அம்மா ஃபிளாஸ்கில் வெந்நீர் கொடுத்தார். டீக்கடை அக்கா, போயிட்டு வாங்க என்றாள். காலையில் எரிச்சலூட்டிய அந்தப் பார்வைகள் இப்போது ஒன்றும் செய்யவில்லை. இந்த ஊரில் மட்டும் நான் எதையும் துப்பட்டாவால் மூட வேண்டியதில்லை. தேனியில் என்னைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். என் நோயைத் தெரிந்தவர்கள் மூன்று பேர். இங்கே தலைகீழ்.

"அடுத்த மாசச் சீட்டுல ஒன் தங்கச்சி பேரையும் சேத்து எழுதட்டா தாயி?" என்று செல்வராணி அம்மா கேட்டார்.

எழுதுங்கம்மா, ஆனால் மைக்கில் வருவதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

4.15. பஸ்ஸில் கூட்டம். சிக்னல் எரியோடு தாண்டித்தான் நிலையாகக் கிடைத்தது. அம்மா வாங்கிய சத்தியம் உள்ளங்கையில் உறுத்தியது. கையுறையைக் கழற்றிவிட்டு சுதாவை அழைத்தேன். இஞ்சின் சத்தத்தில் அவளுக்கு முதலில் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. சுதா, எனக்கு அடைப்பு இல்லடி, கேன்சர். முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும் என்று மீதியையும் சொன்னேன்: பை, கீமோ, டாக்டர் அவளைப் பார்க்கச் சொன்னது, நான் மறைத்தது.

 அழுகிறாள் என்று தெரிந்தது. பெரியகுளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றாள். "நீயும் கூட வருவியா?"

வருகிறேன் என்றேன். முந்தின நாள் குடலைக் கழுவ மருந்து தருவார்கள், ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டேதான் இருப்பாய், அதற்குப் பயப்படாதே என்றேன். நம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கெங்கே இறங்கலாம், அங்கே எந்த மாடியில் தண்ணீர் வரும், எந்தக் கதவுக்குக் கொக்கி சரியாக இருக்கும், எல்லாம் அக்காவிடம் நோட்டில் இருக்கிறது என்றேன்.