சொட்டு நீலமும் ஒரு சிட்டிகைப் பொடியும்

டைட்டானியம் டை ஆக்சைடு சுவர் பெயிண்டில்கூட இருக்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. சாதாரணமாகச் செய்தால் உருண்டையாகப் போகும் அதன் நுண்துகள், மெல்லிய சதுரச் சில்லாக வரவேண்டும். சில்லின் அகன்ற முகத்தில் வெயில் பட்டால் சாயத்தண்ணீர் சீக்கிரம் தெளியும் என்று நம்பினேன். அதற்கு ஒரு பொல்லாத அமிலத்தை அளந்து விடவேண்டும். குறைந்தால் உருண்டை, கூடினால் ஒன்றும் தேறாது. விழுப்புரம் கல்லூரி லேபில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரே தடவை சில்லு வந்தது. மொத்தமே ஒரு சிட்டிகை. திங்கட்கிழமை அது வேலை செய்கிறது என்று காட்டாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார் என் கைடு.

ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டு. திண்டிவனத்தில் எங்கள் மொட்டைமாடியில், ஒரு பீக்கர் நீலச் சாயத்தண்ணீரில் அந்தப் பொடியைக் கலந்தேன். வெயிலில் வைக்குமுன் கொஞ்சநேரம் இருட்டில் ஊறவேண்டும். பீக்கர்மேல் பக்கெட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் பக்கெட் நிமிர்ந்திருக்கிறது, அதில் அப்பாவின் வேட்டி முங்கியிருக்கிறது. பக்கத்தில் காலி பீக்கர்.

"சொட்டு நீலம் கரைச்சி வெச்சிகினு கீறன்னு நெனச்சேன் கண்ணு," என்றாள் அம்மா.

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "என் பொடி எல்லாம் போச்சு! நான் என்ன பண்றேன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா?" என்று கத்திவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். அழுதேன், தூங்கியும் விட்டேன்.

உச்சிவெயிலில் மாடி ஏறினேன். காயப்போட்ட மல்லாட்டைக் கடலைக்குப் பக்கத்தில் அகலமான அலுமினியத் தாம்பாளம். பக்கெட் தண்ணீர் முழுவதையும் அம்மா அதில் ஊற்றியிருந்தாள். வேட்டியை முறுக்கிப் பிழியாமல், அதன் மேலேயே தூக்கிப் பிடித்துச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தாள். காக்கா வந்தால் காலால் விரட்டினாள். வேட்டி நீலமாகிப்போனதை அவள் பொருட்படுத்தவில்லை. முகமெல்லாம் வியர்வை.

"உன் பொடி துணியில ஒட்டிக்கினு இருந்துச்சி. அலசி அலசி எறக்கிட்டேன். ஆனா தண்ணி கலரு போய்க்கினே இருக்குது கண்ணு. நான் ஒண்ணும் ஊத்தல, சத்தியமா. இதையும் கெடுத்துட்டனா?"

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிந்து, தாம்பாளத்தின் அடி தெரிந்தது. அங்கே வெள்ளையாக என் பொடி படிந்திருந்தது.

"கெடலம்மா. இதுக்குத்தான்மா இத்தனை நாளா லேபுக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன்," என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

அம்மா அப்போதும் வேட்டியைக் கீழே விடவில்லை. இன்னும் ரெண்டு சொட்டு இருக்கிறது, இரு என்றாள்.