சாவில் தொடங்கிச் சவரத்தில் முடிந்த படம்

ஒரு படத்தின் இரண்டாம் பாதியை முதலிலும், முதல் பாதியைப் பின்னாலும் பார்த்துவிட்டு, அதன் கதை சொல்லும் முறையைப் புகழ்ந்து எட்டுப் பக்கக் கட்டுரை எழுதியவன் நான். அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. போன ஆண்டுதான் நடந்தது. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம், காலையும் மாலையும் சர்க்கரைக்கு மாத்திரை.

இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களில் அதுவும் ஒன்று. அந்த வகையில் உலகத்துக்கே தெரிந்த படங்கள் சில உண்டு. அவற்றைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லை, எல்லோருக்கும்தான் பிடிக்கும். இது யாருக்கும் தெரியாத படம். ஆகவே எனக்கு மிகவும் தேவைப்பட்ட படம். கதை சின்னது. ஒருவன் தேவாலய மணி ஒன்றைக் கழுதை வண்டியில் ஏற்றிப் பாலைவனத்தைக் கடக்கிறான். மணிக்குள் தங்கம் இருப்பதாக நம்பி ஒரு கும்பல் துரத்துகிறது. அவன் போக வேண்டிய ஊரை அடைந்து, மணிக்கூண்டின் அடியிலேயே சுடப்பட்டுச் சாகிறான். மணிக்குள் ஒன்றும் இல்லை.

நான் பார்த்த வரிசையில் அவன் முதலில் செத்தான். பிறகு டைட்டில் ஓடியது. பிறகு உயிரோடு வந்து, கழுதைக்கு விலை பேசி, மணியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வழியில் ஒரு சவரக் கடையில் உட்கார்ந்தான். கத்தியைத் தீட்டிக்கொண்டே கடைக்காரர் எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்க, இவன் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டான். அத்துடன் திரை இருண்டது.

நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். செத்தபின் டைட்டில் போடும் துணிச்சல் எந்த இயக்குநருக்கு வரும்? மரணத்துக்குப் பிறகும் பயணம் இருக்கிறது, வழியில் சவரமும் செய்துகொள்ளலாம். எனக்குக் கண் கலங்கியதாகக்கூட ஞாபகம்.

இந்த வகைப் படங்களுக்கென்றே இணையத்தில் ரசிகர்கள் கூடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தேன். இந்தப் படத்தைப் பற்றி இரண்டு பேர் ஒரே கருத்தைச் சொல்லவில்லை. நடித்தவர்களில் மணிதான் தேவலை என்று எழுதியிருந்தார் ஒருவர். இசை அபாரம், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றார் இன்னொருவர். குளிர்நாட்டுப் பெண்மணி ஒருவர் ஒவ்வொரு முறையும் கழுதைக்காக அழுவதாகச் சொல்லியிருந்தார். முதல் பாதி நகரவே இல்லை, பிற்பாதியில்தான் சூடு பிடிக்கிறது என்பது மட்டும் பலரின் புகார். எனக்கு நேர்மாறாகப் பட்டது. அதை என் ரசனையின் நுட்பம் என்று எடுத்துக்கொண்டேன். காலத்தைக் கலைத்துப் போடும் கலையைப் பற்றி அவர்களுக்கு நீளமாக விளக்கினேன். ஒருவர் மரியாதையாகக் கேட்டார், நாம் இருவரும் பார்த்தது ஒரே படம்தானா என்று. ஆழமான கேள்வி என்று நினைத்து, பார்வையாளனுக்கு ஒரு படம் என்ற கோட்பாட்டை வைத்து அதற்கும் பதில் எழுதினேன்.

உள்ளூரிலும் எங்களுக்கு ஒரு கோஷ்டி உண்டு. அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் உட்காரமாட்டார்கள். ஆகவே அன்று பிற்பகலில் நெசவாளர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், தறியின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்துச் சுவரில் உள்ள டிவியில் குதிரைப் படம் பார்ப்போம். அந்த நெசவாளர் என்னோடு பள்ளியில் படித்தவர். பட்டுக்கடை விற்பனையாளர் ஒருவர் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வருவார். படங்களை எங்கிருந்தோ இறக்கி பென் டிரைவில் கொண்டுவருவது அவர்தான். அந்த மணிப் படத்தை எனக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்தவரும் அவரே.

கட்டுரை எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒரு சிற்றிதழ் நடத்துகிறார். இருபது ஆண்டுகளாக நான் எதை அனுப்பினாலும் கடைசியில் உள்ள ‘புன்னகைப் பக்க’த்தில்தான் போடுவார், கூடவே தொந்தி வைத்த ஒரு மனிதரின் படத்தோடு. என் அப்பா இறந்ததைப் பற்றி எழுதியதையும் அப்படியே போட்டார். இதழின் முன்பக்கத்தில், தொந்தி இல்லாமல், கனமான எழுத்தாளனாக ஒரே ஒரு முறை வர வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவரே போன் செய்தார். சினிமா சிறப்பிதழில் முதல் கட்டுரை இதுதான் என்றார். அச்சுக்குப் போகுமுன் படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், வரும் அமாவாசைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். மனைவியிடம் சொன்னேன். பெட்டியில் இருந்த நல்ல சட்டையை எடுத்து வைத்தாள்.

அன்று ஆசிரியர் ஐயாவுக்கு நாற்காலி போட்டு, நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். படம் தொடங்கியது. டைட்டிலோடு தொடங்கியது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரோ அரைவேக்காடு படத்தை வெட்டி ஒட்டிக் கெடுத்துவிட்டான் என்று நினைத்தேன். கழுதைக்கு விலை பேசினார்கள். மணியை ஏற்றினார்கள். எல்லாம் வரிசையாக, எந்தச் சாதாரணப் படத்திலும் நடப்பதுபோல நடந்தது. அந்தப் பாதி நகரவே இல்லை என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது எவ்வளவு உண்மை. ஐயா நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். சவரக் கடை வந்தது, கண்ணை மூடினான், திரை இருண்டது. டீ குடிக்கலாம் என்று விளக்கைப் போட்டார்கள். யாரோ வெட்டி ஒட்டியது இந்தப் படத்தை அல்ல, எனக்கு வந்த படத்தை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விற்பனையாளரை வாசலுக்கு அழைத்துப் போனேன். எனக்குக் கொடுத்ததில் பின்பாதி ஏன் முன்னால் வந்தது என்று கேட்டேன்.

“நான்தாண்ணா மாத்தி வச்சேன்.”

“ஏன்பா?”

“புடவை காட்டச் சொல்ல எதை முதல்ல விரிப்போம்? முந்தானையைத்தானே. அது புடிச்சாத்தான் கஸ்டமர் மீதிப் புடவையப் பாப்பாங்க. புடவையோட வெறும் உடம்ப விரிச்சிக்கினு உக்காந்திருந்தா எழுந்து பக்கத்துக் கடைக்குப் பூடுவாங்க. இந்தப் படத்துல முன்பாதி பிளெயினா இருக்குதுண்ணா. முந்தானை மொத்தமும் பின்னாடிதான்.”

இன்று மட்டும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன்.

“இன்னிக்கு ஐயா வராரு. அவரு படிச்சவரு. அவராண்ட எதுக்கு வியாபாரம்?”

இரண்டாம் பாதி ஓடியது. அவன் செத்தான். மணிக்குள் ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டதும் கூடம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடிய எங்கள் ஊருக்கு, இரண்டு கட்சியாகப் பிரிய யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கார நெசவாளர், மணியைக் கட்டி ஒரு தரமாவது அடித்துவிட்டு அவன் செத்திருக்க வேண்டும் என்றார். அடிக்காததுதான் அழகு என்றது எதிர்க்கட்சி. கழுதை என்ன ஆயிற்று என்று எந்தக் கட்சியிலும் சேராத ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஐயா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, நீங்க எழுதினதுல செத்த பிறகுதானே சவரம்? நடுவுல நான் தூங்கிட்டேன்னு நெனைக்கிறேன். ஏதாவது விட்டுட்டேனா?”

ஆமாம் ஐயா, தூங்கிவிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இன்று கனமான எழுத்தாளன். வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் விற்பனையாளர் டீ டம்ளர்களோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தன் தொழிலைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் விடுகிறவர் அல்ல. அவர் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. முந்தானை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு நெசவாளர், அந்த வரிசைதான் நன்றாக இருக்கும்போல, செத்தவன் திரும்பி வந்து கழுதை வாங்குகிறான் என்றால் கதை எங்கேயோ போகிறது என்றார். எதிர்க்கட்சி இதற்கும் எதிர்ப்புத் தெரிவித்தது. அடுத்த அமாவாசைக்கு மாற்றிப் போட்டுப் பார்த்து முடிவு செய்வது என்று ஆயிற்று. என் கட்டுரையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, எனக்கும் ஐயாவுக்கும் தவிர.

ஐயா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, நெசவாளரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆயிற்று. குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கட்டுரையில ஒரு எழுத்தை மாத்தாதீங்க தம்பி. அப்படியே போடறேன்.”

எனக்கு நம்ப முடியவில்லை. கண்டிப்பாகப் போடுகிறீர்களா என்று கேட்டேன்.

“கண்டிப்பா. இத்தனை வருஷத்துல நீங்க எழுதினதுலயே இதுதான் பிரமாதம். புன்னகைப் பக்கத்துக்கு இந்தத் தடவ எட்டுப் பக்கம் ஒதுக்கிடறேன்.”

சிறப்பிதழ் வந்தது. தொந்திக்காரர் இருந்தார். தலையில் ஒரு கௌபாய் தொப்பியும் வைத்திருந்தார்கள். காலத்தைக் கலைத்துப் போடும் கலை பற்றி நான் எழுதிய ஒவ்வொரு வரியும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. கனமாக இல்லாவிட்டாலும் நாலு பேர் சிரித்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நெசவாளருக்கு ஒரு பிரதி கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் சைக்கிளில் வந்த நெசவாளர் என்னைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றார்.

“படிச்சேன்பா, எட்டுப் பக்கமும் படிச்சேன். நல்லாத்தான் இருக்குது. சிரிப்புன்னு போட்டுக்கிறாங்களே, அது மட்டும் எந்த எடத்துல வருதுன்னு தெரியல.”