ஏலச்செடிக்கு நடுவே மணத்தக்காளி

சிலமலை கிராமத்திலிருந்து ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் பறிக்கும் வேலைக்குப் போகிறவள் நான். மதியத்துக்கு எப்போதும் புளிச்சோறும் ஊறுகாயும்தான். தினமும் கீரை, காய், பழம் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ஒருநாள் ஏலச்செடிகளுக்கு நடுவே மணத்தக்காளி தழைத்து நின்றது. கீரையும் பழமும் ஒன்றாகக் கிடைத்த சந்தோஷத்தில் மடி நிறையப் பறித்தேன். கறுத்த பழமொன்றை வாய்க்குக் கொண்டுபோனபோது, கூட வேலை பார்க்கும் செல்வியக்கா பாய்ந்து தட்டிவிட்டார்.

"ஏ ஆத்தா, நேத்துத்தான இங்கன பூச்சிமருந்து அடிச்சாக!"

முந்தின நாள் நான் வேலைக்கு வரவில்லை. மடியை உதறிவிட்டு ஓடிப்போய்க் கை கழுவினேன்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் நானே மணத்தக்காளி வளர்க்கிறேன். மதியச் சோற்றோடு கீரைக்கூட்டு, ஒரு கொய்யாப்பழம். செல்வியக்காவுக்கும் பங்கு உண்டு. "இதுல மருந்தடிக்கலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் தினமும் கையை நீட்டுகிறார்!