இருபத்தொன்று ஆன முதல் ஆள்

எங்கள் கல்லூரிக் கூட்டத்தில் இருபத்தொரு வயதை முதலில் தொட்டவன், நாங்கள் ஓயாமல் கேலி செய்துகொண்டிருந்த ஒருவன்தான். அவன் பத்தாவது முடித்த சமயம் அப்பா தவறிவிட்டார். இரண்டு வருடம் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டுத்தான் மறுபடி படிக்க வந்தான். மலைமேல் இருக்கும் நாகலூரிலிருந்து எல்லாரும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போவோம். எங்கள் பைகளை எல்லாம் பிடித்துக்கொண்டு அவன் நின்றபடியே வருவான். பேச்சில் அவனை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை.

அந்த வருடம் பையன்களுக்கு ஒரே கவலை. தமிழ்நாட்டில் இருபத்தொன்று ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. பெரிய ஊரென்றால் கண்டும் காணாமல் கொடுத்துவிடுவார்களோ என்னவோ, எங்கள் மலையில் கடைக்காரருக்கு எல்லாருடைய அப்பாவையும் தெரியும். கூட்டத்தில் வாய் பெரிய ஒருவன் தாடி வளர்த்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய் நின்றிருக்கிறான். "உங்கப்பாவ வரச் சொல்லு கண்ணு, குடுத்தனுப்பறேன்" என்றாராம் கடைக்காரர். இதைச் சொல்லிச் சொல்லியே பெண்கள் நாங்கள் இருவரும் ஒரு மாதம் சிரித்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடும்போது பேச்சு முழுக்க அந்தக் கடையையே சுற்றிவந்ததில் எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

அப்போதுதான் எங்கள் பைகளைச் சுமப்பவனின் பிறந்தநாள் பையன்கள் கண்ணில் பட்டது. காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் பிறந்தவன் என்பதுதான் அவன் அம்மாவுக்குத் தெரியும். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். எங்கள் பக்கம் பலருக்கும் இப்படித்தான். யாருமே கொண்டாடியிராத அந்தத் தேதிக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது.

பையன்கள் கேக்குக்குச் சொல்லி, சிவப்புக் கிரீமில் அவன் பெயரை எழுத வைத்தார்கள். அன்று மதியம் கரடியூர் வியூ பாயின்ட்டுக்கு பைக்குகளில் அழைத்துப் போனார்கள். ஆளாளுக்கு "அண்ணா, வாங்க" என்றார்கள். கேக்கை வெட்டி எங்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. என் துண்டைக் கடிக்காமல் கீழே வைத்தேன்.

வாய் பெரியவன் அதற்குமேல் பொறுக்கவில்லை. "அண்ணா, கடைக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருங்க. நீங்க நின்னாப் போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

சரி என்றால் இனி ஒவ்வொரு ஞாயிறும் அவன்தான் ராஜா. முடியாது என்றால் பழையபடி பை தூக்க வேண்டியதுதான். அது அவனுக்கும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"எனக்கு வேணும்னா வாங்கிக்கலாம். உங்களுக்கு வாங்கித் தர மாட்டேன்." இருப்பதிலேயே சின்னவனைப் பார்த்தான். "உனக்குப் பதினெட்டுதான் சாமி ஆவுது. வளைவுல எங்காச்சும் உழுந்தீன்னா உங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

முகங்கள் தொங்கிப்போயின. வாய் பெரியவன் பைக் சாவியை எடுத்தான். "நீ இல்லீன்னா என்ன, டூரிஸ்ட்டுங்க யாரையாச்சும் கேட்டுக்கறோம்."

"கேட்டுக்கங்க. குடிச்சா மட்டும் வண்டியத் தொடாதீங்க. எனக்குப் போன் பண்ணுங்க, எஸ்டேட் ஜீப்பக் கேட்டு வாங்கியாந்து ஊட்ல உடறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

விற்காதே என்பதோடு சட்டம் முடிந்துவிடுகிறது. மீறிக் குடித்தவன் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதை அங்கே அவன் ஒருவன்தான் யோசித்திருந்தான். அந்த நிமிடம் அவன்மீது எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வாய் பெரியவன் பாறைமேல் உட்கார்ந்தான். பிறந்தநாள்காரனைப் பார்க்காமலே சொன்னான். "உன்னக் கடைக்கு அனுப்பத்தான் இந்தக் கேக்கே வாங்குனோம். தெரியுமில்ல?"

"வரும்போதே தெரியும்டா" என்றான் அவன். "எம்பேரு எழுதுன கேக்க நான் பாத்ததே இல்ல. அதான் வந்தேன்."