அருவிக்கரையில் பெண் பார்த்தார்கள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். சவுரி வைத்துப் பின்னியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். வாசுதேவநல்லூரிலிருந்து அக்காவைக் கேட்டவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். "சாரல் நல்லா இருக்கு. குத்தாலத்துல எல்லாரும் சேந்து குளிப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். தென்காசியில் இருந்துகொண்டு குற்றாலத்துக்கு வரமாட்டோம் என்று எப்படிச் சொல்வது?

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். ஆனால் வகிட்டின் இரண்டு பக்கமும் நரைத்துவிட்டது. அம்மா தினமும் கண்மையை எண்ணெயில் குழைத்து அங்கே தேய்த்துவிடுவாள். வெளியே யாருக்கும் தெரியாது.

"ஓரமா நின்னு கால மட்டும் நனைச்சிட்டு வந்துருட்டி" என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா விட்டால்தானே! "வா தாயி, என்ன வெக்கம்?" என்று அக்காவின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனாள். வெளியே வந்தபோது அக்காவின் நெற்றியிலும் கன்னத்திலும் மை வழிந்தது. அந்த அம்மாள் அதை முந்தானையால் துடைத்தாள். துடைக்கிற சாக்கில் வகிட்டையும் விலக்கிப் பார்த்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாப்பிள்ளைக்கு முன்மண்டையில் பாதி காலி. அவரை எந்த அருவியில் முக்கிப் பார்த்தோம்?

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கூடவே குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சின்னவளுக்கு முடி கருகருன்னு இருக்கே" என்றாள்.

அடுத்த தையில் எனக்கும் அவருக்கும் கல்யாணம். வந்த இடத்தை விடக்கூடாது என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை. அக்காதான் எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள். நரைத்த பெண் என்ற பேர் ஊரெல்லாம் போய்விட்டதால் அவளைக் கேட்டு அப்புறம் யாரும் வரவில்லை.

ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு முடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது அந்தக் கெட்டிக்காரிக்குத் தோன்றவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு எனக்கும் வகிட்டில் வெளுக்க ஆரம்பித்தது. முப்பது முடிவதற்குள் பாதித் தலை வெள்ளை. கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் மாமியார் மைச்சிமிழைக் கொண்டுவந்து நீட்டுவாள். "லேசா தடவிக்கோ. பாக்குறவுக என்ன நெனப்பாவ?"

ஒருநாள் சிமிழை வாங்கி மூடி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"தடவ மாட்டேன் அத்தை. எங்க அக்காவ எதுக்கு வேண்டாம்னிய? அத இப்பச் சொல்லுங்க."

அவள் சிமிழோடு உள்ளே போனாள். அக்கா அப்போதும் தென்காசியில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.