இரவல் நாக்கு

என் மனைவிக்குக் கழுத்தில் கரண்ட் வைத்து முடித்த மூன்றாம் மாதம், நான் அவளுக்கு நாக்காக வேலைக்குச் சேர்ந்தேன். ரேடியேஷன் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வோம், ஏதோ புது வீட்டுக்கு மீட்டர் வாங்கியதைப் போல. திருச்சி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே அவளுக்கு ருசியும் போய்விட்டது.

"திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"வரலாம்மா. சிலருக்கு ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்." மற்ற சிலருக்கு என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சாப்பாடு பிடிக்காமல் போயிருக்கும், அவ்வளவுதான். இவள் ஆறு வருடமாக இலுப்பூரில் வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவள். பிறந்தநாள், சீமந்தம், பால் காய்ச்சுதல் என்று எதற்கும் இப்போது கேக் வெட்டுகிறார்கள். சுற்று வட்டாரத்தில் அந்தக் கேக்குகளில் பாதி எங்கள் சமையலறையிலிருந்து போனவை. கேக் வெந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவாள். மேலே பூசும் பட்டர் க்ரீமை அப்படிப் பார்க்க முடியாது. வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும்தான் அதில் சேர்மானம். வெண்ணெய் நாளுக்கொரு குணம் காட்டும். வாயில் வைத்தால்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதன்முதலாக க்ரீம் அடித்த அன்று, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஸ்பூனை என்னிடம் நீட்டினாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க."

இந்த வேலைக்கு என் தகுதிகளைச் சொல்லிவிடுவது நல்லது. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவேன். சாப்பிடும்போது புத்தகம் படிப்பேன். எது வைத்தாலும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே "நல்லா இருக்கு" என்பேன். உப்பே போடாத சாம்பாருக்கு ஒருமுறை இந்தச் சான்றிதழை வழங்கியிருக்கிறேன். "அவருக்கு வைக்கோலைத் தாளிச்சு வச்சாலும் நல்லா இருக்கும்பாரு" என்பாள் சொந்தக்காரர்களிடம். இருபத்துநாலு வருடக் குடித்தனத்தில் என் நாக்கைப் பற்றி அவள் கொடுத்த ஒரே மதிப்பீடு அது. போதாததற்கு எனக்குச் சர்க்கரை வேறு. அரை ஸ்பூன் க்ரீமுக்குக் குளத்தை இரண்டு சுற்று கூடுதலாக நடப்பது என்று எனக்கு நானே ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

நடப்பதில் சிரமமில்லை, சொல்வதில்தான் சிரமம்.

"இனிப்பு எப்படி இருக்கு?"

"இனிப்பா இருக்கு."

"எம்புட்டு?"

ஆபீஸ் மின்விசிறியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவன் நான். ஒரு ஸ்பூன் க்ரீமைப் பற்றி மூன்று வார்த்தை வரவில்லை. அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"காலையில பஸ் ஸ்டாண்டுல குடிப்பீங்கள்ல, அந்த டீ அளவா? இல்ல கல்யாண வீட்டுக் கேசரியா?"

"கேசரிக்கும் மேல. ஒங்க சின்னம்மா வீட்டுப் பாயசம்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொஞ்சம் வெண்ணெய் சேர்த்தாள். அப்படி எங்களுக்குள் ஒரு அளவுகோல் உண்டானது. அடியில் பஸ் ஸ்டாண்ட் டீ, உச்சியில் சின்னம்மா. நாங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் மூன்றாம் பந்திப் பாயசம். முதல் பந்தியில் திகட்டுகிற பாயசம், ஆள் கூடக்கூடப் பால் ஊற்றி ஊற்றி, மூன்றாம் பந்திக்கு வரும்போது ஒரு நிதானத்துக்கு வந்திருக்கும் அல்லவா, அது. சின்னச் சின்ன ஆர்டர்கள் நான்கைந்து இப்படியே ஒப்பேறின.

சித்திரையில் அன்னவாசலிலிருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டார். அவருடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஹோமம் முடிந்து, தண்ணீர் ஊற்றி, தாலி கட்டிய கையோடு கேக் வெட்ட வேண்டும். முட்டை சேர்க்காத கேக், இரண்டு அடுக்கு, வெள்ளைக் க்ரீம் பூசி, மேலே க்ரீமிலேயே சாமந்திப் பூக்கள். இருநூறு பேர் வருவார்கள்.

போனை வைத்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "இது நல்லபடியா வந்துட்டா ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்கலாம்ங்க. இல்லைன்னா கேக் சுடுற ஓவன யாருக்காச்சும் குடுத்துருவோம்."

காய்கறி விலையைச் சொல்லும் குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்த ஆறு வருடமும் அவளுக்கு என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். கரண்ட் வைக்கப் போகும் நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பழைய பில்லின் பின்பக்கம் ரோஜா இதழ்களை வரைந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த நாளை அவள் பிடித்து வைத்திருந்தது அப்படித்தான்.

என்னை வெண்ணெய் வாங்கப் புதுக்கோட்டைக்கு அனுப்பினாள். உப்பில்லாத கட்டி வெண்ணெய், வழக்கமான கடை. "ஸ்டாக் இல்ல சார், திங்கக்கிழமை வாங்க" என்றார் கடைக்காரர். வேறு இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கலாம். உச்சி வெயில். பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது, ஜன்னல் ஓர இடத்தோடு. ஏறிவிட்டேன். இலுப்பூரில் இறங்கி, எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாவிடம் வெண்ணெய் வாங்கினேன். வெண்ணெய்க்கு வெண்ணெய்தானே என்பது என் வாதம்.

அது தயிரில் கடைந்த வெண்ணெய். நெய் உருக்குவதற்கென்றே எடுப்பது. எங்கள் வீடுகளில் அதில் கொஞ்சம் புளிப்பு இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுப்பில் ஏற்றி முருங்கைக்கீரை கிள்ளிப் போட்டால் புளிப்பு ஓடிவிடும். பட்டர் க்ரீமோ அடுப்பைப் பார்ப்பதே இல்லை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள். முகர்ந்தாள். மூக்கும் அப்போது பாதிதான் வேலை செய்தது.

"கடைஞ்ச வெண்ணெயா?"

"ஆமா. அங்கிட்டு ஸ்டாக் இல்லையாம்."

"ஏழெட்டுத் தண்ணி விட்டு அலசுங்க. தண்ணி தெளிஞ்சு வரணும். புளிப்பு துளி கூட நிக்கக் கூடாது."

நான்கு தண்ணீர் விட்டு அலசினேன். நான்காவது தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தது. உள்ளே மேசைமேல் பாதி எழுதிய கட்டுரை ஒன்று காத்திருந்தது. கணவன்மார்களின் சோம்பலைப் பற்றியது.

மறுநாள் மத்தியானம் க்ரீம் அடித்தாள். எச்சில் ஊறாததால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள், பிறகு க்ரீம் அடிக்கும் பீட்டர் மெஷினைப் பிடிப்பாள். நடுவில் கரண்ட் போய் வந்தது. முடித்தபோது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நைட்டிக் கழுத்துக்கு மேலே எலும்பு இரண்டும் தனியாகத் தெரிந்தன. ஸ்பூனை நீட்டினாள்.

முதலில் இனிப்பு வந்தது. அது சரியாகத்தான் இருந்தது. விழுங்கிய பிறகு, தொண்டைக்குப் பக்கத்தில், ஒரு புளிப்பு வந்து உட்கார்ந்தது. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எப்படி?"

"மூணாம் பந்திப் பாயசம்."

"வேற ஏதும் தெரியுதா?"

நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். மறுபடி வெண்ணெய் தேட வேண்டும், மறுபடி ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கும் தெம்பு அவளிடம் இல்லை என்று நானே தீர்மானித்தேன். இருபத்துநாலு வருடப் பழக்கம் கைகொடுத்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். மனைவி கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் கதவோரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பூவெல்லாம் அம்புட்டு அழகுக்கா. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"ருசி?"

"நல்லா இருந்துச்சுக்கா."

அந்தச் சொல்லை என் மனைவியை விட அதிகமாகக் கேட்டவர்கள் இந்த ஜில்லாவில் இருக்க முடியாது. "டீச்சர், எனக்கு ருசி தெரியாது. ஒடம்பு அப்படி ஆயிருச்சு. நீங்க சொன்னாத்தான் எனக்கு உண்டு" என்றாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் புளிச்சிருச்சுக்கா. அப்பா ஒரு வாய் வாங்கிட்டு சிரிச்சாரு. புள்ளைங்க க்ரீம வழிச்சு எலையில வச்சுட்டு கேக்க மட்டும் தின்னுச்சுங்க. வெயிலுதாங்க்கா, ஒங்க தப்பில்ல."

போன் நின்றது. நான் ஒரு செருப்போடு நின்றேன். அறுபது வயதில் ஒருவருக்கு இனிப்பு மட்டும் கொடுப்பது மருத்துவரீதியாகத் தவறு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"நீங்க ருசி பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீ களைச்சுப் போயிருந்த."

அவள் கையிலிருந்த மாவைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "நாக்குதான் செத்திருக்கு. நான் இன்னும் சாகல. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவங்க எல்லாரும் 'நல்லாத்தான் இருக்க, நல்லாத்தான் இருக்க'ன்னாங்க. கண்ணாடியில எனக்குத் தெரியாதா? நீங்க ஒருத்தராவது..."

பீட்டரைக் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினாள். ஓவன்மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தினாள். ஆர்டர் கேட்டு வந்த போன்களுக்கு, "இப்ப செய்யறதில்லைங்க" என்றாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரே வாக்கியம். காரணம் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள். சரியில்லாமல் போனது நான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அந்த 'சரி'யை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம், சாப்பிடும்போது புத்தகத்தை மூடுவது. முதல் நாள் சோற்றைப் பார்த்தே சாப்பிட்டேன். இரண்டாம் நாள், "ரசத்துல உப்பு கம்மி" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு உப்பு ஜாடியை நகர்த்தினாள். அடுத்த வாரம், "கூட்டுல அடிப்பிடிச்ச வாடை அடிக்குது."

"ஆமா, பிடிச்சிருச்சு" என்றாள்.

எளிதாக இல்லை. உடம்பு தேறாத பெண்டாட்டி கைக்கணக்கில் அளந்து சமைத்துப் போடுவதைத் தின்றுகொண்டே குறை சொல்கிறவனை வெளியிலிருந்து பார்த்தால் என்ன சொல்வார்கள்? எனக்குள்ளேயே சிலர் சொன்னார்கள்.

ஒருநாள் குழம்பை ஊற்றிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். "இதுல என்ன கொறை?"

பிசைந்து சாப்பிட்டேன். வெறும் குழம்பைத் தொட்டு நக்கினேன். "ஒண்ணும் இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். கொறை இல்ல."

"ம்" என்றாள். "வெந்தயம் போடலைன்னு ஏதாச்சும் அள்ளி விடுவீங்கன்னு பாத்தேன்."

குழம்பில் எல்லாம் சரியாகவே போட்டிருந்தாள். பொய்யாகப் பாராட்டுகிறவன் திருந்திவிட்டதாகக் காட்டிக்கொள்ளப் பொய்யாகக் குறையும் சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் போன் செய்தார். மகளுக்கு ஐந்து வயது, ஒரு கிலோ கேக், ரோஸ் கலர். அவள் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எடுக்கவா?"

"எப்படி வரும்னு எனக்குத் தெரியாது. எப்படி வந்தாலும் சொல்லிருவேன்."

எடுத்தாள். இந்த முறை புதுக்கோட்டையில் நான்கு கடை ஏறினேன். கட்டி வெண்ணெய் கிடைத்தது.

முதல் ஸ்பூனுக்கு, "சின்னம்மா" என்றேன். வெண்ணெய் சேர்த்து, இனிப்பை அடக்க ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அடித்தாள். இரண்டாவது ஸ்பூன்.

"உப்பு தெரியுது."

"ஒரு சிட்டிகைதானே போட்டேன்."

"தெரியுது."

பீட்டரை நிறுத்தினாள். "ஒங்களுக்கு என்ன தெரியும்? இருவத்திநாலு வருசமா என்ன தின்னோம்னே தெரியாமத் தின்ன மனுசன். இங்கிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்குறீங்களா?" வியாதி வந்த பிறகு அவள் என்மேல் குரலை உயர்த்திக் கோபப்பட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக் காலம் முழுக்க என்னிடம் ஒரு விருந்தாளியிடம் பேசுவதைப் போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றது வாஸ்தவம்" என்றேன். "ஆனா உப்பு தெரியுது."

கிண்ணத்தை வழித்து மொத்தத்தையும் ஒரு சட்டியில் தள்ளி ஓரமாக வைத்தாள். தண்ணீர் குடித்தாள். புதுக் கட்டியைப் பிரித்தாள். அவள் உட்காரட்டும் என்று நாற்காலியை எடுத்துப் பக்கத்தில் போட்டேன். அவள் உட்காரவில்லை. வெயில் சமையலறைச் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வரும்வரை அடித்தாள்.

மூன்றாவது ஸ்பூனை நான் அவசரப்படாமல் சாப்பிட்டேன். வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி ஒரு துளி வைத்துப் பார்த்தேன்.

"மூணாம் பந்தி. உப்பு இல்ல, புளிப்பு இல்ல. பூசலாம்."

கேக்கில் குத்தி எடுத்த குச்சியில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதைப் போல என் முகத்தைப் பார்த்தாள். பிறகு க்ரீமில் பூப் பிழியும் பைப்பிங் பையை எடுத்து, க்ரீமை அள்ளி நிரப்ப ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆவணியிலும் தையிலும் ஆர்டர்கள் வந்தன. பத்துக்கு மூன்று தடவை நான் சொல்லி க்ரீமை மாற்றியிருக்கிறாள், அதில் இரண்டு தடவை என்னைத் திட்டிவிட்டு மாற்றியிருக்கிறாள். ருசி இன்னும் வரவில்லை. டாக்டர் இப்போது மாதக் கணக்குச் சொல்வதில்லை.

க்ரீம் அடித்து முடித்ததும் முதல் ஸ்பூனை அவள்தான் எடுக்கிறாள். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். நானும் பக்கத்தில் நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இன்னைக்கும் இல்ல" என்கிறாள். இன்னொரு ஸ்பூனை எடுத்து என்னிடம் நீட்டுகிறாள்.