இட்லிக்கு முன்னால் ஒரு ரெட்ரோ

சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில் ரெட்ரோ மீட்டிங்கில் வாயைத் திறந்தவனுக்கு மறுமாதம் நாற்காலி இல்லையாம். கூட வேலைபார்க்கும் ஜெபகுமாரின் மச்சானுக்கு யாரோ சொல்லி, மச்சான் ஜெபகுமாருக்குச் சொல்லி, அவன் அதை டீயோடு சேர்த்துக் கொண்டுவந்து சுகாசினியின் மேசையில் இறக்கினான். அடுத்த ரெட்ரோவை நடத்தப் போகிறவள் அவள்தானே, அந்த அக்கறை.

மாகறல் வீராசாமியின் மூத்த மகள் சுகாசினி, காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு ஆர்டர் எடுக்கும் மொபைல் ஆப் செய்துதரும் சின்னக் கம்பெனியில் டெஸ்டர். பிழை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஆப்பில் மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்பது சொல்லாத நிபந்தனை. தங்கையின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

இரண்டு வாரத்துக்கொரு முறை மேனேஜர் அச்சுத் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்த வேலையில் எது சரி, எது சொதப்பல் என்று மனம்விட்டுப் பேசச் சொல்வார். அதுதான் ரெட்ரோ. யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதியை அவர்கள் மதித்த மதிப்பில், எல்லாக் குற்றமும் இன்டர்நெட் தலையில் விழுந்தது. பாவம், அது எதிர்த்துப் பேசாது.

சாருக்கு இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. சார் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். மீட்டிங் தொடங்குமுன் தூக்கு நிறைய கோயில் இட்லி வந்துவிடும். மிளகும் சுக்கும் நெய்யும் மணக்கும் பெருமாள் பிரசாதத்தை வாயில் வைத்துக்கொண்டு, கொடுத்தவரைக் குறை சொல்ல எவனுக்கு நாக்கு எழும்? ஞாயிறு பள்ளி நடத்தும் ஜெபகுமார்கூட அதற்கு மிளகு கேக் என்று பெயர்சூட்டி, மனசாட்சி உறுத்தாமல் இரண்டு துண்டு போடுவான்.

இந்த முறை சொதப்பல் பெரிது. பெருமாள் கருடன்மேல் ஊர்வலம் வரும் கருட சேவையன்று, நல்ல நாளாயிற்றே என்று சார் புது வெர்ஷனை வெளியிட்டார். போனைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு கோஷ்டியில் பாசுரம் சேவிக்கப் போனார். ஆப் படுத்தது. பழைய வெர்ஷனுக்குத் திருப்பும் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும். சுகாசினி அழைத்தபடியே இருந்தாள். பெருமாளே ஊரைச் சுற்றி வந்துவிட்டார், சார் போனுக்கு வரவில்லை. கடைக்காரர்கள் சுகாசினியைத் திட்டினார்கள். போனை எடுத்தவள் அவள் ஒருத்திதான், வேறு யாரைத் திட்டுவது?

ரெட்ரோவை ஆளுக்கொரு முறை நடத்தவேண்டும் என்று சார் ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். அப்படித்தான் முறை இவளிடம் வந்தது. வெள்ளிக்கிழமை தூக்கும் வந்தது. கைகள் நீண்டன. அவள் தூக்கை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள்.

"பேசிட்டு சாப்பிடலாம் சார்."

"ஆறிடுமேம்மா."

"கோயில் இட்லி ஆறினாலும் நல்லாத்தான் சார் இருக்கும்."

எது சொதப்பியது என்று எல்லோரும் சீட்டு எழுதி போர்டில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலும் இன்டர்நெட். ஜெபகுமார் உணர்ச்சிவசப்பட்டு அடிக்கோடு வேறு போட்டிருந்தான். சுகாசினிக்கு மச்சான் சொன்ன நாற்காலி ஞாபகம் வந்தது. இருந்தாலும் எழுந்தாள்.

"அன்னிக்கி நெட்டு நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்கதான் போனை வீட்ல வெச்சிட்டுப் போய்ட்டீங்க. பாஸ்வேர்டு இன்னொருத்தர் கையில இருந்திருந்தா, நான் நாள் பூரா திட்டு வாங்கிக்கினு நின்னிருக்க மாட்டேன். இனிமே ரிலீஸ் அன்னிக்கி கூப்பிட்டா எடுக்கணும் சார். யாரா இருந்தாலும்."

ஜெபகுமார் மின்விசிறியை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். சார் எழுந்துபோய், அவள் சொன்னதைத் தன் கையாலேயே போர்டில் எழுதினார்.

"நல்ல பாயிண்ட்" என்றார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. தூக்கு திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

மறுநாள் காலை திருத்திய வெர்ஷன் வெளியாகவேண்டும். சுகாசினி தலை துவட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அச்சுத் சார்.

பாஸ்வேர்டு தரத்தான் கூப்பிடுகிறாரோ? இல்லை, நாற்காலி விஷயமோ? துண்டோடு நின்றுவிட்டாள்.

அடுக்களையிலிருந்து அம்மா மேரி கேட்டாள். "யாருமா அது? கத்திக்கினே இருக்குது, எடேன்."

கூப்பிட்டால் எடுக்கவேண்டும் என்று ஊரைக் கூட்டிச் சட்டம் போட்டவளின் கை போனுக்குப் பக்கம் வரை போனது. அடித்து ஓய்ந்த போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது.